வெள்ளிமலைக்குப் போன வலது முன்சக்கரம்

காலை பத்தே கால் மணிக்குக் கள்ளக்குறிச்சியில் எங்கள் பட்டறை வாசலிலிருந்து கார் கிளம்பியது. இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்துகொண்டிருந்த காலம் அது. பஸ் இல்லை, லாரி இல்லை. கடை எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். பஸ் நிலையத்தில் ஒரு பஸ்கூட நிற்காததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மைனாக்கள் நடுவில் இறங்கி நடந்துகொண்டிருந்தன. இவ்வளவு பெரிய இடமா இது என்று இருந்தது.

நான் சொல்லச் சொல்ல என் பேத்தி இதை எழுதுகிறாள். என் பேச்சை எழுதினால் படிக்கிறவர்களுக்கு வாய் சுளுக்கிக்கொள்ளும் என்று திருத்தித்தான் எழுதுகிறாள். சரி, எழுதட்டும்.

என் தங்கை செல்லம்மா கல்வராயன் மலையில், வெள்ளிமலையில் வாழ்க்கைப்பட்டவள். அவள் வீட்டுக்காரர் அங்கே பள்ளிக்கூட விடுதியில் சமையல்காரர். அன்று காலை ஒன்பது மணிக்கு மலையிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னார்: "செல்லம்மாக்கா ராத்திரி போயிட்டாங்க. மூணு நாளா காய்ச்சல். நாலு மணிக்கு மேல வச்சிருக்க முடியாது, மழ வரும்னு சொல்லி அனுப்புனாங்க."

புருஷன் இருக்கும்போது பெண் செத்துப்போனால், பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை, மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் போக வேண்டும். அதைப் பிறந்த வீட்டுக் கோடி என்போம். அந்தப் புடவையைப் போர்த்திய பிறகுதான் எடுக்க வேண்டும். எங்கள் அப்பா அம்மா போய்விட்டார்கள். இருந்த ஒரு தம்பியும் போய்விட்டான். பிறந்த வீடு என்று சொல்ல நான் ஒருத்திதான் பாக்கி.

துணிக்கடை எதுவும் திறக்கவில்லை. பொங்கலுக்கு என் மகன் எனக்கு எடுத்துக் கொடுத்த வெங்காயக் கலர் புடவை மடிப்புக் கலையாமல் பெட்டியில் இருந்தது. அதை எடுத்து மஞ்சள் பையில் வைத்துக்கொண்டேன். மகனும் வருகிறேன் என்றான். ஆண்பிள்ளைகள் இருக்கிற வண்டியைத்தான் அதிகம் மறிக்கிறார்கள், நீ இரு என்று நான்தான் சொன்னேன்.

இனி வண்டிக்கு வருகிறேன். நான் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், பேத்தி இப்போதே முறைக்கிறாள்.

அன்றைக்கு எங்கள் தெருவில் கிடைத்த ஒரே வாடகைக் கார் தனகோடியினுடையது. போக வர முந்நூறு ரூபாய், இரவு தங்கினால் சாப்பாடு என்று பேச்சு. நான்கு நாளைக்கு முன்னால்தான் அது எங்கள் பட்டறைக்கு வந்துபோயிருந்தது.

எங்கள் பட்டறையில் சக்கர வேலைதான் முக்கியம். என் வீட்டுக்காரர் இருந்தபோதிருந்து பேரிங்குக்குக் கிரீஸ் அடைக்கிற வேலை என்னுடையது. சக்கரத்துக்கு நடுவில் இருக்கிற குடத்துக்கு ஹப் என்று பெயர். அதற்குள் உள்பக்கம் ஒரு பெரிய பேரிங், வெளிப்பக்கம் ஒரு சின்ன பேரிங் இருக்கும். சின்ன விரல் நுனி மாதிரி இரும்பு உருளைகளை வட்டமாக அடுக்கிய வளையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். காரின் பாரம் முழுவதும் அந்த வளையல் மேல்தான் சுற்றுகிறது. அதை மண்ணெண்ணெயில் கழுவி, காயவைத்து, உள்ளங்கையில் கிரீஸை வைத்துக்கொண்டு வளையலின் விளிம்பால் அதை வழித்து வழித்து அழுத்த வேண்டும். உருளைகளுக்கு இடையில் கிரீஸ் ஏறி மறுபக்கம் புழு மாதிரி எட்டிப்பார்க்கிற வரைக்கும் அழுத்த வேண்டும். மேலே பூசிவிட்டால் போதும் என்று நினைக்கிறவன் சீக்கிரமே திரும்பி வருவான். எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது, ஆனால் பேரிங்கை விரலில் மாட்டிச் சுற்றினால் அது இன்னும் எத்தனை நாள் ஓடும் என்று தெரியும்.

தனகோடி அன்றைக்கு வந்து, "பெரிம்மா, வலது பக்கம் சக்கரம் ஆடுது" என்றான். தூக்கி வைத்து மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் கடக் கடக் என்றது. பேரிங் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். மாற்றப் புதுசு கிடைக்கவில்லை, கடையெல்லாம் அடைப்பு. எங்கள் பக்கத்து டிரைவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சக்கரத்தில் துளி ஆட்டம் இருந்தால் தூக்கம் வராது. இறுக்கமாக இருந்தால்தான் நல்ல வண்டி என்பார்கள். என் மகன் வேண்டாம் என்று நின்றான். நான் சொன்னேன்: "ஒரு பல்லு இறுக்கி வுடுடா. கட தொறக்கற வரைக்கும் தாங்கும்." நட்டில் பல் பல்லாக வெட்டு இருக்கும். இறுக்கிய பிறகு ஒரு பல் தளர்த்தி விட்டுத்தான் ஆணி மாட்ட வேண்டும், அதுதான் முறை. நான் தளர்த்த வேண்டிய இடத்தில் இறுக்கச் சொன்னேன். "ஊருக்குள்ள மட்டும் ஓட்டு, தொலைவு போவாத" என்றும் சொல்லி அனுப்பினேன்.

இப்போது அதே காரில் ஏறி, மலைக்குப் போ என்கிறேன்.

"தாங்குமா தனகோடி?" என்று கேட்டேன்.

"நீ தான சொல்லணும் பெரிம்மா" என்றான்.

பையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். கார் கிளம்பி ஊரைத் தாண்டியதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. முப்பது வருடம் காருக்கு அடியில் கிரீஸ் பூசியிருக்கிறேன், காருக்குள் உட்கார்ந்து போனது நாலைந்து தடவைதான். ஜன்னலில் காற்று அடித்தது. கரும்புக் கொல்லை ஓடியது, கிணற்று மேட்டில் ஒரு பெண் வெங்காயம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தூரத்தில் மலை நீலமாக எழுந்து நின்றது. ஐயோ, எவ்வளவு அழகு என்று வாய்வரைக்கும் வந்தது. மடியில் கோடிப் புடவை. வாயை மூடிக்கொண்டேன்.

பதினொரு மணி. ஆறு கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டோம், ரோட்டுக்குக் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பக்கத்தில் பத்துப் பதினைந்து ஆண்கள், அடுப்பு மூட்டிச் சோறு பொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வந்து ஜன்னலில் குனிந்தான்.

"எங்க?"

"வெள்ளிமல. சாவுக்குப் போறோம்" என்றான் தனகோடி.

"எல்லாரும் சாவுக்குன்னு தான் சொல்றாங்க. நேத்து ஒருத்தன் சாவுன்னு அழுதுட்டுப் போறான், டிக்கியத் தொறந்தா சீர்வரிசத் தட்டு, ஜிலேபி."

"அந்த ஜிலேபிய இன்னா பண்ணீங்க?" என்று நான் கேட்டுவிட்டேன். எனக்கு வாய் நிற்காது.

"தின்னுட்டோம், ஆயா" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் பையைத் திறந்து புடவையையும் மஞ்சளையும் காட்டினேன். "என் கூடப்பொறந்தவப்பா. பொறந்த வூட்டு கோடி இது. நாலு மணிக்குள்ள போவணும்."

சிரிப்பு நின்றது. அடுப்பு அருகில் உட்கார்ந்திருந்த பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "கோடி போவுதுடா. வழி வுடுங்க."

மரத்தை நகர்த்த முடியாது. பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை போட்டிருந்த கொல்லை வழியாகக் காரை இறக்கினார்கள். வாய்க்கால்மேல் கிளைகளை வெட்டிப் போட்டு, சட்டையைக் கழற்றிவிட்டு எட்டுப் பேர் தள்ளினார்கள். கிளை நழுவி, வலது முன்சக்கரம் வாய்க்காலில் 'டங்' என்று விழுந்தது. எனக்குப் பல்லில் அடித்தது மாதிரி இருந்தது. தூக்கி மறுபடியும் ரோட்டில் ஏற்றிவிட்டார்கள். சோறு தின்றுவிட்டுப் போங்கள் என்றார்கள். நேரமில்லை என்று கும்பிட்டுவிட்டு வந்தோம்.

அடுத்த மரம் கச்சிராயபாளையத்துக்கு இந்தப் பக்கம் கிடந்தது. அங்கே போலீஸ் வந்து ஆட்களை வைத்து அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுத்து முடிக்கிறவரைக்கும் யாரும் நகரக் கூடாது என்றார்கள். வெயிலில் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். ஒரு மணியாயிற்று, ஒன்றரை ஆயிற்று. தனகோடி மூன்று பீடி பிடித்தான். நான் என் தங்கை கல்யாணத்தன்று பாய் விரிக்க இடமில்லாமல் நானும் அவளும் நெல் மூட்டை மேலே படுத்துத் தூங்கியதைச் சொன்னேன். "எத்தினி தரம் மலைக்குப் போயிருக்கிற பெரிம்மா?" என்று கேட்டான்.

"ஒரு தரங்கூட இல்ல."

"இன்னா சொல்ற? கண்ணாலம் ஆயி எத்தினி வருசம்?"

"இருபத்திரண்டு."

பட்டறை, பிள்ளைகள், சாப்பாடு, நாளைக்குப் போகலாம், அடுத்த வருடம் போகலாம். அவள்தான் வருடத்துக்கு ஒரு தடவை கடுக்காயும் புளியும் தூக்கிக்கொண்டு இறங்கி வருவாள். நாற்பது கிலோமீட்டர்கூட இல்லாத தூரம் இது.

ஒன்றே முக்காலுக்கு வழி விட்டார்கள். கச்சிராயபாளையத்தில் ஒரு டீக்கடையும் திறந்திருக்கவில்லை. ஒரு வீட்டுக்காரம்மா கேட்காமலே மோர் கொடுத்தாள், காசு வாங்க மாட்டேன் என்றாள். கோமுகி அணையைத் தாண்டும்போது இரண்டு மணி. அணையில் தண்ணீர் கருமேகத்தின் நிறத்தில் அசையாமல் நின்றது. இதற்கு மேல் ஏற்றம்.

சமவெளியில் எனக்குக் காதில் விழுந்தது வேறு, ஏற்றத்தில் விழுந்தது வேறு. கீழே 'ஊம்' என்று ஒரு முனகல் மட்டும்தான் இருந்தது. மலை ரோடு இடது பக்கம் வளையும்போது அந்த முனகல் பெரிதாகியது, வலது பக்கம் வளையும்போது அடங்கியது. இடது பக்கம் திரும்பினால் பாரம் வலது சக்கரத்தில் ஏறும். அப்படியானால் வலதுதான். நான்காவது வளைவில் அது முனகலாக இல்லை. திருகைக்கல்லில் கேழ்வரகு அரைக்கிற சத்தமாகிவிட்டது.

"டயர் சத்தம் பெரிம்மா" என்றான்.

"டயரும் இல்ல கியரும் இல்ல. உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். ஓரங்கட்டு."

இறங்கிப்போய்ச் சக்கர நடுவில் இருக்கிற மூடிமேல் புறங்கையை வைத்தேன். ஓடி வந்த ஹப் வெதுவெதுப்பாக இருப்பது சரி. இதில் கை வைக்கவே முடியவில்லை. மூடி விளிம்பில் கிரீஸ் உருகி எண்ணெய் மாதிரி வழிந்துகொண்டிருந்தது. அதிகம் இறுக்கிய பேரிங் இப்படித்தான் போகும். உருளைகள் ஓட இடம் இல்லாமல் உரசும், சூடேறும், கிரீஸ் உருகி ஓடும், கிரீஸ் போன பிறகு இரும்பும் இரும்பும் தின்றுகொள்ளும். கடைசியில் பிடித்துக்கொள்ளும், இல்லையென்றால் சக்கரம் கழன்று அதன் வழியில் போகும்.

தனகோடி கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தான். "மணி ரெண்டே முக்கால். இன்னும் பதினெட்டு இருக்குது. மெதுவா உருட்டிக்கினே போயிடலாம். இங்க நின்னு கழட்டுனா நாலு மணிக்கு எப்டி போறது? மொகம் பாக்க முடியாது பெரிம்மா."

"கழண்டா எங்க கழலும்?"

அவன் ரோட்டோரத்தைப் பார்த்தான். அந்தப் பக்கம் மூங்கில் உச்சி நம் காலுக்குக் கீழே தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை.

"உனக்கு எத்தினி பிள்ளைங்க?" என்று கேட்டேன்.

"தெரியாத மாதிரி கேக்கற. மூணு."

நடந்து போய்விடலாமா என்று பார்த்தேன். பதினெட்டு கிலோமீட்டர் ஏற்றம், என் முட்டிக்கு இரண்டு கிலோமீட்டர் தாங்காது. வேறு ஒரு வண்டி மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. ஓட்டு என்று நான் ஒரு சொல் சொன்னால் அவன் ஓட்டியிருப்பான். போய்ச் சேர்ந்தும் இருப்போமோ என்னவோ. இன்று வரைக்கும் அது எனக்குத் தெரியாது.

"ஜாக்கிய எடு" என்றேன்.

பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஜாக்கியை ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி அடியில் போட்டோம். ஹப் ஆறுவதற்கு அரை மணி நேரம் காத்திருந்தோம். தண்ணீர் ஊற்றலாமா என்றான். சூட்டு இரும்பில் தண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும், வேண்டாம் என்றேன். அந்த அரை மணி நேரம் மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை. ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன். மேகம் இறங்கி மரங்களுக்குள் நடந்து வந்தது. ஏதோ ஒரு பறவை அழைத்தது. மேலே என் தங்கையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பார்கள்.

"தனகோடி," என்றேன், "அன்னிக்கு ஒரு பல்லு இறுக்கச் சொன்னது நான்."

"பக்கத்துல தான நின்னுக்கினு இருந்தேன்."

"அது தப்பு. எனக்குத் தெரிஞ்சே சொன்னேன்."

"ஊருக்குள்ள மட்டும் ஓட்டுன்னும் சொன்னியே. கேட்டனா? நான் தான வந்தேன்."

"ஏன்டா வந்த?"

"சாவுக்கு வண்டி இல்லன்னு எப்டி சொல்றது?" என்றான். பிறகு, "முந்நூறு ரூபாயும் தான்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூடியைத் தட்டி எடுத்து, ஆணியை நிமிர்த்தி உருவி, நட்டைக் கழற்றினான். ஹப்பை இழுத்ததும் வெளி பேரிங் என் கையில் விழுந்தது. உருளைகள் மயில் கழுத்து மாதிரி நீலமாகியிருந்தன. நீலம் ஏறிய பேரிங் செத்த பேரிங். விரலில் மாட்டிச் சுற்றினேன், சுற்றவில்லை. உள்பக்கத்துப் பெரியதை எடுத்துப் பார்த்தேன். அது நிறம் மாறவில்லை, பிழைத்துக்கொள்ளும்.

மாற்றுக்கு என்ன செய்வது? டிக்கியில் பழைய துணிகளுக்கு நடுவே தனகோடி ஒரு பொட்டலம் வைத்திருந்தான். போன வருடம் மாற்றியபோது கழற்றிப்போட்ட பழைய வெளி பேரிங்குகள், இரண்டு. எதையும் தூக்கிப்போட மாட்டான், பெண்டாட்டி திட்டுவாளாம். பெட்ரோல் டியூபை உருவி ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்து இரண்டையும் கழுவினேன். காற்றில் ஆட்டிக் காயவைத்தேன். ஒன்று சுற்றும்போது விரலில் குறுகுறுத்தது, உருளையில் பொடிக்குழி விழுந்திருக்கிறது என்று அர்த்தம். மற்றொன்று பரவாயில்லை. சத்தம் இல்லை, கனமாகச் சுற்றியது. பேரிங் உட்காருகிற கிண்ணம் ஹப்பிலேயே அடித்துப் பொருத்தியிருக்கும், அதை ரோட்டில் மாற்ற முடியாது. வேறு பேரிங்கை வேறு கிண்ணத்தில் போடக் கூடாது, இரண்டும் சேர்ந்து தேய்ந்த ஜோடியாக இருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் கிண்ணத்தை விரலால் தடவிப் பார்த்ததில் பெரிய காயம் இல்லை. இருபது கிலோமீட்டர் வேகத்துக்குமேல் போகக் கூடாது என்று சொன்னேன்.

கிரீஸ் இல்லை. இடது சக்கரத்து மூடியைக் கழற்றச் சொன்னேன். நான்கு நாளைக்கு முன்னால் வலதோடு சேர்த்து இதற்கும் நான் அடைத்த கிரீஸ் உள்ளே அப்படியே இருந்தது. பாதியை விரலால் வழித்தெடுத்தேன். அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. ஒரு மணல் பொடி உள்ளே போனால் இவ்வளவும் வீண். தனகோடி குடையைப் பிடித்துக்கொண்டு என் தலைமேல் குனிந்து நின்றான். உள்ளங்கையில் கிரீஸை வைத்து வழித்து வழித்து அழுத்தினேன். சின்ன வயதில் செல்லம்மாவின் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தது நினைவுக்கு வந்தது, அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பாள். கிரீஸ் மறுபக்கம் எட்டிப்பார்த்தது.

நட்டை நானே போட்டேன். ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்கி, கனம் தெரிந்ததும் ஒரு பல் தளர்த்தினேன். பிடித்து ஆட்டினால் விரலுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சின்ன ஆட்டம் இருந்தது. தனகோடி அதைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"ஆடும்" என்றேன். "ஆடட்டும்."

மணி நாலே முக்கால்.

மேலே போகிற ரோட்டைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். மழைத்தாரையும் கண்ணாடி துடைக்கிற கட்டையும்தான் தெரிந்தன. கிலோமீட்டர் கல் வரும்போதெல்லாம் தனகோடி படித்துச் சொன்னான், பன்னிரண்டு, பதினொன்று என்று. மூன்று தடவை நிறுத்தி இறங்கி மூடியைத் தொட்டுப் பார்த்தோம். சாமைக் கொல்லைகள் சரிவில் நனைந்து நின்றன. ஓட்டு வீடுகளின் முகட்டில் புகை தங்கியிருந்தது. ஆறே கால் மணிக்கு வெள்ளிமலை. மழை விட்டிருந்தது.

வீட்டு வாசலில் பந்தல்கூட இல்லை. என் தங்கை வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையை மட்டும் தூக்கி விரித்துக் காட்டினார். தரையெல்லாம் கழுவிவிட்டிருந்தார்கள்.

"அஞ்சு மணி வரைக்கும் வச்சிருந்தோம், அண்ணி. மழ வலுத்துப்போச்சு. கோடி வரல, எடுக்கக் கூடாதுன்னு நான் நின்னேன். ஊர்ல கேக்கல."

"அப்ப கோடி இல்லாமயா எடுத்தீங்க?" என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

"நான் போட்டேன்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். மலைக்காரப் பெண், என் வயதுதான் இருக்கும், மெலிந்து, உயரமாக. ராமாயி என்று பெயர் சொன்னார்கள். செல்லம்மாவோடு கடுக்காய் பொறுக்கப் போகிறவள். காய்ச்சலில் மூன்று நாளும் கூட இருந்தவள். திருவிழாவுக்கு எடுத்து வைத்திருந்த புதுச்சேலையைக் கொண்டுவந்து போர்த்தியிருக்கிறாள்.

நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "நீ யாரு போடறதுக்கு? பொறந்த வூடு நான் இருக்கறேன்ல?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. ஈரத்தலையை முடிந்துகொண்டே சொன்னாள்: "இருபத்திரண்டு வருசத்துல ஒரு தடவ வந்திருந்தா, என்னக் கேக்கலாம்."

தனகோடி கார் அருகிலேயே நின்றிருந்தான். அவன் கை முழங்கை வரைக்கும் கறுப்பு. என் கையும் அப்படித்தான் இருந்தது. ராமாயி அதைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்டாள். சக்கரம் என்றேன். அவள் உள்ளே போய்ச் சாம்பலும் சுடுதண்ணீரும் கொண்டுவந்து, என் கையைப் பிடித்து அவளே தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் இருந்ததுகூடப் போகிற வரைக்கும் விடவில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நான் அப்போதுதான் அழுதேன்.

வெங்காயக் கலர் புடவையை அவளிடம் நீட்டினேன். "ஐயோ, கோடிக்கு எடுத்தத நான் கட்டலாமா?" என்று பின்வாங்கினாள். அதுவும் சரிதான். வீட்டுக்குத் திருப்பி எடுத்துப்போகவும் கூடாது. மறுநாள் விடிந்ததும் மூவரும் போனோம், அவளும் நானும் தங்கை வீட்டுக்காரரும். பலா மரங்களுக்குக் கீழே மண்மேடு கறுப்பாக ஈரமாக இருந்தது. புடவையை மடிப்புப் பிரித்து மேலே விரித்தோம். காற்றில் பறக்காமல் இருக்க நான்கு மூலையிலும் கல் வைத்தாள் ராமாயி. மஞ்சளும் குங்குமமும் வைத்தேன். மேகம் கலைந்து எதிர்ப்பக்க மலை முழுக்கத் தெரிந்தது. அவ்வளவு அழகான இடம். செல்லம்மா வருடாவருடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், வாக்கா, வந்து பாருக்கா என்று.

எங்கள் ஊராக இருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இறங்கி வரும்போது நினைத்துக்கொண்டேன். கோடி வரவில்லை என்றால் பங்காளிகள் பாடையைப் பிடித்துக்கொள்வார்கள், பழைய சண்டை எல்லாம் வெளியே வரும், மாலை மங்கும்வரை கத்துவார்கள். வெளியாள் ஒருத்தி தன் சேலையைக் கொண்டுவந்து, நான்தான் பிறந்த வீடு என்று சொல்ல விடவே மாட்டார்கள். நானே விட்டிருக்க மாட்டேன்.

இறக்கத்திலும் தனகோடி மெதுவாகவே ஓட்டினான். கச்சிராயபாளையத்துக்கு அப்புறம் அறுத்த மரம் இரண்டு பக்கமும் ஒதுங்கிக் கிடந்தது, போலீஸ் இல்லை. சோறு பொங்கிய இடத்தில் புளியமரத்தையும் அறுத்து ஒதுக்கியிருந்தார்கள், சாம்பல் மட்டும் இருந்தது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கள்ளக்குறிச்சி வந்து சேர்ந்தோம். முந்நூறு ரூபாயில் ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தான், நான் வாங்கவில்லை. பட்டறை முன்னால் இறக்கிவிட்டு, வண்டியை உருட்டிக்கொண்டு அவன் தன் வீட்டுப் பக்கம் திரும்பினான்.

என் மகன் ஓடி வந்தான்.

"மொகம் பாத்தியாம்மா?"

தெருமுனையில் தனகோடியின் சின்ன மகள் ஓடிவந்து, ஓடுகிற காரின் கதவைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அவன் அவளைத் திட்டிக்கொண்டே வண்டியை நிறுத்துவது இங்கே வரைக்கும் கேட்டது.

"தனகோடி நல்லபடியா வூடு போய்ச் சேந்துட்டான்டா" என்றேன்.